உங்களுக்குத் தெரியுமா? முடியும் மன்றமும் மோதிய கதை

வரி போடும் உரிமை யாருக்கு? மன்னர் தப்பு செய்தால் தட்டிக் கேட்க ஆள் உண்டா? இந்த இரண்டு கேள்விகளுக்காக 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து தனக்குள்ளேயே போரிட்டது. மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. பதினோரு ஆண்டுகள் அரசரே இல்லாமல் நாடு நடந்தது. பிறகு அதே மன்னரின் மகனை அழைத்துவந்து அரியணையில் உட்காரவைத்தார்கள். நம் நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் இன்று சாதாரணமாகப் புழங்கும் பல உரிமைகள் அந்தக் காலத்து ரத்தத்தில் நனைந்து வந்தவை. அந்த மோதலின் துணுக்குகள் இங்கே.

கடவுளே தந்த கிரீடம்

முதலாம் எலிசபெத் வாரிசு இல்லாமல் 1603-இல் இறந்தார். ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், இங்கிலாந்துக்கும் அரசராகி முதலாம் ஜேம்ஸ் ஆனார். அரசரை நியமிப்பவர் கடவுள், எனவே அரசர் கணக்குச் சொல்ல வேண்டியது கடவுளுக்கு மட்டுமே என்பது அவர் கொள்கை. 'தெய்வீக உரிமை' என்று இதைச் சொல்வார்கள். மன்னர்களைத் தெய்வங்கள் என்று அழைப்பது சரியே என 1610-இல் நாடாளுமன்றத்திலேயே அவர் பேசினார். மூத்த மகன் ஹென்றி 1612-இல் இளவயதிலேயே இறந்துவிட, திக்குவாய் கொண்ட இளைய மகன் சார்லஸ் 1625-இல் பட்டத்துக்கு வந்தார். தந்தையின் நம்பிக்கையை அவர் அப்படியே சுவீகரித்துக்கொண்டார். அதற்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்தார்.

மன்னர் தொட்டால் தீரும் நோய்

கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் கண்டமாலை நோய்க்கு அங்கே 'ராஜ நோய்' என்றே பெயர். மன்னர் கை பட்டால் குணமாகும் என்று மக்கள் நம்பினார்கள். தொட்டு ஆசி வழங்கிய பின் கழுத்தில் ஒரு தங்கக் காசும் மாட்டிவிடுவார்கள். இரண்டாம் சார்லஸ் தன் ஆட்சிக்காலத்தில் 90,000 பேருக்கும் மேல் இப்படித் தொட்டார் என்று கணக்கிடுகிறார்கள். பின்னாளில் புகழ்பெற்ற அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருந்தபோது, 1712-இல், ஆன் ராணியிடம் தூக்கிப்போனார்கள். அடுத்து வந்த முதலாம் ஜார்ஜ் இந்தச் சடங்கைத் தொடரவில்லை.

சபாநாயகரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்

1629 மார்ச் 2. நாடாளுமன்றத்தை ஒத்திவைக்கும்படி மன்னரின் உத்தரவு வந்துவிட்டது. சபாநாயகர் ஜான் ஃபின்ச் எழுந்துவிட்டால் சபை முடிந்ததாகிவிடும். இரண்டு உறுப்பினர்கள் பாய்ந்து சென்று அவரை நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ஃபின்ச் கண்ணீர் விட்டார். அவரை அப்படிப் பிடித்துவைத்தபடியே, சபையின் சம்மதமில்லாத வரிக்கு எதிரான தீர்மானத்தை உரக்கப் படித்து நிறைவேற்றினார்கள். கோபம் கொண்ட சார்லஸ் சபையைக் கலைத்தார். அடுத்த பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை.

இருபது ஷில்லிங் வழக்கு

நாடாளுமன்றம் இல்லையென்றால் பணத்துக்கு எங்கே போவது? போர்க்காலத்தில் கடலோர ஊர்களிடம் மட்டும் வசூலிக்கும் 'கப்பல் வரி' என்ற பழைய வழக்கத்தை சார்லஸ் தூசி தட்டி எடுத்தார். 1635-இல் கடலையே பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் அதை விரித்தார். பக்கிங்ஹாம்ஷயரின் நிலக்கிழார் ஜான் ஹாம்ப்டன் தன் பங்கான 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்தார். அவருக்கு அது சில்லறைக் காசு. ஆனாலும் கொள்கைக்காக நீதிமன்றம் ஏறினார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் ஹாம்ப்டன் பக்கம். வழக்கில் மன்னர் வென்றார், மக்கள் மனத்தில் தோற்றார். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று நம் அரசியல் சாசனத்தின் 265-ஆம் பிரிவு சொல்கிறதே, அதன் வேர் இப்படிப்பட்ட வழக்குகளில்தான் இருக்கிறது.

மிளகுக் கடன்

1640-இல் ஸ்காட்லாந்தோடு சண்டை, கஜானா காலி. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்கில் குவிந்திருந்த மிளகின் மேல் மன்னரின் கண் விழுந்தது. சுமார் 6 லட்சம் பவுண்டு எடையுள்ள மிளகை, பவுண்டு 2 ஷில்லிங் 1 பென்னி விலையில் கடனுக்கு வாங்கினார். வாங்கிய கையோடு 1 ஷில்லிங் 8 பென்ஸுக்கு ரொக்கமாக விற்றார். பவுண்டுக்கு 5 பென்ஸ் நஷ்டம் என்றாலும், உடனடியாக 50,000 பவுனுக்கு மேல் கைக்கு வந்தது. கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த கடனோ 63,000 பவுனுக்கு மேல். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் காலம் தள்ளும் அரசு எந்த அளவுக்கு இறங்க வேண்டியிருந்தது என்பதற்கு இந்த ஒரு வியாபாரமே சாட்சி.

ஐந்து பேரைத் தேடி வந்த மன்னர்

1642 ஜனவரி 4. ஆயுதம் ஏந்திய ஆட்களோடு சார்லஸ் நாடாளுமன்றத்துக்கு நேரில் வந்தார். ஜான் பிம், ஹாம்ப்டன், ஹோல்ஸ், ஹேசல்ரிக், ஸ்ட்ரோட் ஆகிய ஐந்து உறுப்பினர்களைத் தேசத்துரோகக் குற்றத்தில் கைது செய்வது திட்டம். வீரர்களைக் கதவருகே நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார். சபாநாயகரின் நாற்காலியைக் கேட்டு வாங்கி, அதன் முன் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். சேதி முன்கூட்டியே கசிந்ததால் ஐவரும் தேம்ஸ் நதியில் படகேறித் தப்பியிருந்தார்கள். எங்கே அவர்கள் என்று சபாநாயகர் வில்லியம் லெந்தாலைக் கேட்டார் மன்னர். லெந்தால் மண்டியிட்டார். இந்தச் சபை கட்டளையிட்டால் ஒழிய இங்கே பார்க்கக் கண்ணோ பேச நாவோ எனக்கு இல்லை என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். சபாநாயகர் மன்னரின் ஆள் அல்ல, மன்றத்தின் ஆள் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. பறவைகள் பறந்துவிட்டன என்று சொல்லி வெறுங்கையோடு திரும்பிய சார்லஸ், ஆறே நாளில் லண்டனை விட்டே வெளியேறினார்.

இன்றும் சாத்தப்படும் கதவு

அந்த நாளுக்குப் பிறகு எந்த மன்னரும் மக்களவை அமர்வில் காலெடுத்து வைத்ததில்லை. ஆண்டுத் தொடக்க உரையை மன்னர் பிரபுக்கள் அவையிலிருந்தே படிக்கிறார். உறுப்பினர்களை அழைத்துவர 'பிளாக் ராட்' என்ற அதிகாரி போவார். அவர் நெருங்கும்போது மக்களவைக் கதவை முகத்துக்கு நேரே அறைந்து சாத்துவார்கள். கோலால் மூன்று முறை தட்டிய பிறகே திறப்பார்கள். மன்னர் பத்திரமாகத் திரும்பும் வரை ஓர் உறுப்பினரைப் பக்கிங்ஹாம் அரண்மனையில் பிணையாக வைத்துக்கொள்ளும் வழக்கமும் தொடர்கிறது.

ஆகஸ்ட் 22: அங்கும் இங்கும்

சென்னை தினம் கொண்டாடுகிறோமே, அந்த ஆகஸ்ட் 22, 1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கம்பெனிக்கு நிலம் வழங்கிய நாளாகக் குறிக்கப்படுகிறது. சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1642 ஆகஸ்ட் 22 அன்று, நாட்டிங்ஹாமில் சார்லஸ் போர்க்கொடியை ஏற்றினார். உள்நாட்டுப் போரின் முறையான தொடக்கம் அதுதான். எதிர்பார்த்த கூட்டம் திரளவில்லை. பலத்த காற்றில் கொடியும் சாய்ந்து விழுந்தது. அதை அபசகுனம் என்று அங்கிருந்தவர்களே பேசிக்கொண்டார்கள். ஜார்ஜ் கோட்டையின் முதல் சுவர்கள் எழும்பிய ஆண்டுகளில், அதைக் கட்டியவர்களின் தாய்நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

வசவுகளே பட்டங்கள் ஆயின

மன்னர் கட்சிக்கு 'கவலியர்' என்று பெயர். குதிரை வீரன் என்பதற்கான ஸ்பானியச் சொல்லின் உறவு. கத்தோலிக்க ஸ்பெயின் படையாட்களைப் போல முரடர்கள் என்ற குத்தல் அதில் இருந்தது. நாடாளுமன்றக் கட்சிக்கு 'ரவுண்ட்ஹெட்', அதாவது உருண்டைத் தலையர். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போராடிய லண்டன் தொழில் பழகுநர்களைப் பார்த்து வைத்த கேலிப்பெயர். 1680 வாக்கில் பிறந்த கட்சிப் பெயர்களும் இப்படித்தான். 'டோரி' என்றால் அயர்லாந்துக் கொள்ளையன். 'விக்' என்பது 1648-இல் எடின்பரோவை நோக்கித் திரண்ட ஸ்காட்லாந்துக் கலகக்காரர்களின் பெயரிலிருந்து வந்தது. பிரிட்டனின் பழமைவாதக் கட்சியினர் இன்றும் டோரிகள்தான்.

சூனிய நாய்

மன்னரின் மருமகன் முறையான இளவரசர் ரூபர்ட், குதிரைப் படைக்குத் தளபதி. 'பாய்' என்ற வெள்ளை பூடில் நாய் போர்க்களத்திலும் அவரோடு போகும். அது நாயே அல்ல, உருமாறிய சூனியக்காரி, குண்டு துளைக்காது என்றெல்லாம் துண்டுப் பிரசுரங்கள் அச்சாகின. 1644 ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூர் போரில் அந்த நாய் கொல்லப்பட்டது. அன்றே வட இங்கிலாந்தும் மன்னரின் கையை விட்டுப் போனது.

கோட்டை காத்த பெண்கள்

கணவர் லண்டனில் நாடாளுமன்றத்தில் இருக்க, பிரில்லியானா ஹார்லி 1643-இல் பிராம்ப்டன் பிரையன் கோட்டையை மன்னர் படையிடமிருந்து ஏழு வாரம் காத்தார். முற்றுகை விலகிய சில வாரங்களில் நோயுற்று இறந்தார். அவர் எழுதிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அதற்கு அடுத்த ஆண்டு, எதிர் அணியில், டார்பி சீமாட்டி ஷார்லட் லேதம் மாளிகையை நாடாளுமன்றப் படையிடமிருந்து மூன்று மாதம் காத்தார். கட்சிகள் வேறு, துணிச்சல் ஒன்று.

செங்கோட்டுப் படை

ஒவ்வொரு பிரபுவும் தன் ஊர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தால் போர் முடியாது என்று நாடாளுமன்றம் உணர்ந்தது. 1645-இல் 22,000 பேர் கொண்ட 'புதிய மாதிரிப் படை' உருவானது. எல்லோருக்கும் ஒரே சிவப்புக் கோட்டு; பதவிக்குப் பிறப்பைவிடத் திறமை முக்கியம். தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் தலைமைத் தளபதி, ஆலிவர் கிராம்வெல் குதிரைப் படைத் தலைவர். அதே ஆண்டு ஜூன் 14 அன்று நேஸ்பியில் மன்னரின் படை நொறுங்கியது. அங்கே சிக்கிய மன்னரின் ரகசியக் கடிதங்களை நாடாளுமன்றம் அச்சிட்டு விற்றது. அயர்லாந்திலிருந்து படை வரவழைக்கும் அவருடைய திட்டங்கள் ஊரறிய வெளிப்பட்டன.

ஒரு புத்தக வியாபாரியின் புதையல்

1641-இல் 'ஸ்டார் சேம்பர்' நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதும் அச்சுத் தணிக்கை தளர்ந்தது. இரு தரப்புக்கும் வாரந்தோறும் செய்தி ஏடுகள் வரத் தொடங்கின. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மன்னருக்காக ஒன்று, லண்டனிலிருந்து அதற்குப் பதிலடியாக ஒன்று என்று அச்சு எந்திரங்கள் ஓயவில்லை. லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசன் கண்ணில் பட்ட ஏட்டையெல்லாம் வாங்கினார். பலவற்றில் கைக்கு வந்த தேதியையும் குறித்துவைத்தார். இருபது ஆண்டில் சேர்ந்தவை சுமார் 22,000. எந்தச் செய்தி எந்த நாளில் தெருவுக்கு வந்தது என்பது இன்று நமக்குத் தெரிவது அந்தத் தனி மனிதரின் பொறுமையால்தான். அத்தனையும் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன.

தேவாலயத்தில் ஒரு வாக்குரிமை விவாதம்

1647 அக்டோபர் இறுதி. லண்டனை ஒட்டிய பட்னியில், புனித மேரி தேவாலயத்தில் படைத் தளபதிகளும் சாதாரண வீரர்களின் பிரதிநிதிகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேச்சு, யாருக்கு வாக்குரிமை என்பது பற்றி. சொத்து உள்ளவனுக்குத்தான் நாட்டில் நிலையான அக்கறை இருக்கும் என்று வாதிட்டார் கிராம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்டன். கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ மறுத்தார். பெரும் பணக்காரனைப் போலவே ஏழையிலும் ஏழைக்கும் வாழ ஓர் உயிர் இருக்கிறது, தன் சம்மதத்தைத் தராத அரசுக்கு அவன் கட்டுப்பட வேண்டியதில்லை என்றார். படைச் செயலர் வில்லியம் கிளார்க் இந்த வாதங்களைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்திருந்தார். அந்தக் குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டின் வூஸ்டர் கல்லூரி நூலகத்தில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அச்சேறின. பிரிட்டனில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது 1918-இல். பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-இல். ரெயின்ஸ்பரோ கேட்டது கிடைக்க இருநூற்று எழுபது ஆண்டுகள் ஆயின.

பேசாமல் இருக்கும் உரிமை

தடை செய்யப்பட்ட புத்தகங்களை இறக்குமதி செய்ததாக ஜான் லில்பர்ன் என்ற இளைஞர் ஸ்டார் சேம்பர் முன் நிறுத்தப்பட்டார். எந்தக் கேள்விக்கும் உண்மையாகப் பதில் சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல மாட்டேன் என்று மறுத்தார். 1638-இல் லண்டன் வீதிகளில் வண்டியின் பின்னால் கட்டி, சாட்டையால் அடித்துக்கொண்டே போனார்கள். தண்டனை மேடையில் நிறுத்திய பிறகும் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். மன்னரை எதிர்த்துப் போரிட்ட அவரே பின்னாளில் கிராம்வெல்லின் ஆட்சியையும் எதிர்த்துச் சிறை புகுந்தார். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற நம் சாசனத்தின் 20(3) பிரிவைப் படிக்கும்போது லில்பர்னின் முதுகுத் தழும்புகளை நினைக்கத்தான் வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குத் தடை

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளுக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்பது பியூரிட்டன் என்ற தீவிரச் சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவினரின் எண்ணம். 1647 ஜூனில் நாடாளுமன்றம் அவற்றை ரத்து செய்தது. டிசம்பர் 25 அன்று கடைகளைத் திறந்துவைக்கச் சொன்னார்கள். கேன்டர்பரி நகர மக்கள் திறந்த கடைகளை அடித்து நொறுக்கினார்கள். கலவரத்தில் நகரமே அவர்கள் கைக்கு வந்தது. மக்களுக்காகப் போரிட்டதாகச் சொன்ன மன்றம், மக்களின் பண்டிகையில் கைவைத்து அவர்களின் வெறுப்பைச் சம்பாதித்தது.

மன்னர் மீது தேசத்துரோக வழக்கு

தேசத்துரோகம் என்றால் அதுவரை மன்னருக்கு எதிரான குற்றம். மன்னரே மக்களுக்குத் துரோகம் செய்ய முடியும் என்ற வாதம் 1649 ஜனவரி 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் முதன்முறையாக நீதிமன்றம் ஏறியது. தலைமை நீதிபதி ஜான் பிராட்ஷா, யாராவது சுட்டுவிடுவார்களோ என்று உள்ளே எஃகுத் தகடு பதித்த தொப்பியோடு உட்கார்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அந்தத் தொப்பியை இன்றும் பார்க்கலாம். வழக்கறிஞர் ஜான் குக் குற்றப்பத்திரிகையைப் படிக்க எழுந்தபோது, நிறுத்தச் சொல்லி மன்னர் கைத்தடியால் அவர் தோளைத் தட்டினார். தடியின் வெள்ளிப் பூண் கழன்று கீழே விழுந்தது. எடுத்துத் தர யாரும் குனியவில்லை. சற்றே காத்திருந்த மன்னர் தானே குனிந்து எடுத்தார். எந்த அதிகாரத்தில் என்னை விசாரிக்கிறீர்கள் என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாரே தவிர, கடைசி வரை குற்றத்தை ஏற்கவும் இல்லை, மறுத்து வாதாடவும் இல்லை. கொடுங்கோலன், துரோகி, கொலைகாரன், நாட்டின் பொது எதிரி என்று தீர்ப்பானது. மரண ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டு முத்திரை பதித்தார்கள்.

இரண்டு சட்டைகள்

1649 ஜனவரி 30, கடும் குளிர். நடுங்கினால் பயத்தில் நடுங்குவதாக நினைப்பார்கள் என்று சார்லஸ் இரண்டு சட்டைகள் அணிந்துகொண்டார். காலையிலேயே ஒயிட்ஹாலுக்கு நடத்தி அழைத்துவந்தும் மதியம் வரை காக்கவைத்தார்கள். காரணம் இதுதான்: ஒரு மன்னர் இறந்தால் அந்த நொடியே அடுத்தவர் மன்னராகிவிடுவார். அதைத் தடுக்க, யாரும் புதிய மன்னரை அறிவிக்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது. மக்களவை அதை அவசர அவசரமாக நிறைவேற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ரொட்டியும் ஒரு கோப்பை ஒயினும் மட்டும் சாப்பிட்ட சார்லஸ், பேங்க்வெட்டிங் மாளிகை வழியாக மேடைக்கு நடந்தார். அந்த மாளிகையின் கூரையில் அவர் தந்தை ஜேம்ஸ் விண்ணுலகுக்கு உயர்த்தப்படும் ஓவியம் இருக்கிறது. அதை ரூபன்ஸிடம் சொல்லி வரைய வைத்தவர் இதே சார்லஸ். கோடரி பிடித்தவர் முகமூடி அணிந்திருந்தார். அவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஒரே வெட்டு. கூட்டத்திலிருந்து எழுந்தது வெற்றி முழக்கம் அல்ல, பெருமூச்சும் முனகலும் என்று அங்கே நின்ற ஓர் இளைஞர் எழுதிவைத்தார்.

ஆணையில் ஏன் 1648?

மரண ஆணையின் மேல் 1648 ஜனவரி 29 என்றுதான் எழுதியிருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. அந்நாளைய இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே அவர்கள் கணக்கில் ஜனவரி, பழைய ஆண்டையே சேர்ந்தது. 1752-இல்தான் ஜனவரி 1 ஆண்டின் முதல் நாளானது.

தப்பிப் பிழைத்த ஒரு கரண்டி

மன்னராட்சி ஒழிந்ததும் முடிசூட்டு நகைகளை உருக்கிக் காசு அடித்தார்கள், கற்களைப் பிடுங்கி விற்றார்கள். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிக் கரண்டி ஒன்று முழுசாகத் தப்பியது. அரண்மனை ஊழியர் கிளெமென்ட் கின்னர்ஸ்லி அதை 16 ஷில்லிங்குக்கு வாங்கி வைத்திருந்து, இரண்டாம் சார்லஸிடம் திருப்பிக் கொடுத்தார். 2023-இல் மூன்றாம் சார்லஸுக்குப் புனித எண்ணெய் பூசியதும் அதே கரண்டியால்தான். அவர் தலையில் வைத்த புனித எட்வர்ட் கிரீடம் பழமையானது போலத் தெரிந்தாலும், உருக்கப்பட்டதற்குப் பதிலாக 1661-இல் புதிதாகச் செய்தது.

காமன்வெல்த்: 1649, 1949

விளையாட்டுப் போட்டிகளால் நமக்குப் பழகிய 'காமன்வெல்த்' என்ற சொல், 1649 மே மாதம் அரசரற்ற இங்கிலாந்து தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர். அனைவருக்கும் பொதுவான நலன் என்பது அதன் கருத்து. முந்நூறு ஆண்டு கழித்து, 1949 ஏப்ரலில், குடியரசாகப் போகும் இந்தியா அந்த நாடுகளின் கூட்டமைப்பில் நீடிக்க வழி செய்யும் லண்டன் பிரகடனம் வந்தது. மன்னரை ஒழித்த நாடு வைத்துக்கொண்ட பெயரின் கீழ், மன்னரைத் தன் நாட்டுத் தலைவராக ஏற்காத ஒரு குடியரசுக்கும் இடம் கிடைத்தது.

எழுதப்பட்ட ஒரு சாசனம்

பிரிட்டனுக்கு ஒரே ஏட்டில் எழுதப்பட்ட அரசியல் சாசனம் இன்று இல்லை. ஆனால் ஒருகாலத்தில் இருந்தது. 1653 டிசம்பரில் வந்த 'ஆட்சிக் கருவி' என்ற ஆவணம் கிராம்வெல்லை 'லார்டு புரொடெக்டர்', அதாவது நாட்டின் காப்பாளர் ஆக்கியது. 1657-இல் மன்னர் பட்டத்தையே ஏற்கும்படி நாடாளுமன்றம் வேண்டியது. வாரக்கணக்கில் யோசித்து மறுத்துவிட்டார். ஆனாலும் அவரை அழைத்தது 'மாட்சிமை' தொனிக்கும் பட்டத்தோடுதான், அவருக்குப் பிறகு பதவி ஏறியது மகன் ரிச்சர்ட்தான். முடி இல்லாமலே முடியாட்சியின் குணங்கள் திரும்பி வந்தன.

செப்டம்பர் 3

1650 செப்டம்பர் 3 டன்பார் போரில் கிராம்வெல்லுக்கு வெற்றி. 1651 செப்டம்பர் 3 வூஸ்டர் போரில் வெற்றி. 1658 செப்டம்பர் 3 அவர் இறந்தார். மன்னராட்சி திரும்பியதும், சார்லஸ் கொல்லப்பட்ட அதே ஜனவரி 30 அன்று, 1661-இல், அவர் சடலத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். தலையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் ஈட்டியில் குத்தி இருபது ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். பிறகு பல கைகள் மாறிய அந்தத் தலை, 1960-இல்தான் அவர் படித்த கேம்பிரிட்ஜ் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் அடக்கம் செய்யப்பட்டது. அதே மண்டபத்தின் வாசலில் 1899 முதல் அவருக்குச் சிலையும் நிற்கிறது.

மரத்தில் ஒளிந்த மன்னர்

வூஸ்டரில் தோற்று ஓடிய இளைய சார்லஸின் தலைக்கு 1,000 பவுன் விலை. ஆறடிக்கு மேல் உயரமானவர் என்பதால் மறைவது கடினம். பாஸ்கோபெல் என்ற ஊரில் ஒரு பெரிய ஓக் மரத்தின் கிளைகளுக்குள் பகல் முழுதும் ஒளிந்திருந்தார்; கீழே வீரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அடைக்கலம் கொடுத்த பெண்டரெல் சகோதரர்கள் எளிய கத்தோலிக்கக் குடியானவர்கள். அந்தப் பணத்துக்கு ஆசைப்பட்டு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னரானதும் அவர்கள் குடும்பத்துக்கு இரண்டாம் சார்லஸ் ஓய்வூதியம் எழுதிவைத்தார். வாரிசுகள் சிலருக்கு அது இன்றும் போகிறது. இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் 'ராயல் ஓக்' என்ற பெயரில் மதுக்கூடங்கள் இருப்பதற்குக் காரணம் இந்த மரம்.

ஜார்ஜ் கோட்டையில் ஆட்சிக் கவிழ்ப்பு

இன்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கும் ஜார்ஜ் கோட்டையிலும் அந்தப் பகை எதிரொலித்தது. கோட்டையின் ஏஜென்டாக இருந்த சர் எட்வர்ட் வின்டர் மீது புகார்கள் எழ, கம்பெனி அவருக்குப் பதிலாக லண்டன் வியாபாரி ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டை 1665-இல் அனுப்பியது. பியூரிட்டன் பழக்கமுள்ள குடும்பம் அது. ஃபாக்ஸ்கிராஃப்டும் மகனும் மன்னரை இழிவாகப் பேசினார்கள், இது ராஜத்துரோகம் என்று வின்டர் குற்றம் சாட்டினார். அந்த செப்டம்பரில் ஆயுதம் ஏந்திய ஆட்களோடு பாய்ந்து அவரைச் சிறைபிடித்தார். மோதலில் கம்பெனி அதிகாரி வில்லியம் டாஸ் உயிரிழந்தார். மன்னரின் பெயரால் கோட்டையை ஏறக்குறைய மூன்று ஆண்டு தன் பிடியில் வைத்திருந்தார் வின்டர். 1668-இல் கம்பெனிக் கப்பல்கள் ஆணையோடு வந்த பிறகே ஃபாக்ஸ்கிராஃப்ட் விடுதலையாகிப் பதவியில் அமர்ந்தார். சென்னையின் முதல் 'கவர்னர்' என்ற பெயர் அவருக்குத்தான்.

நீதிபதிகள் தெருவும் சென்னை கவர்னரும்

மன்னருக்கு மரண தண்டனை விதித்தவர்களில் வாலி, காஃப், டிக்ஸ்வெல் ஆகிய மூவர் அமெரிக்காவுக்குத் தப்பி, நியூ ஹேவன் நகரில் அடைக்கலம் பெற்றார்கள். முதல் இருவரும் சில காலம் ஒரு பாறைக் குகையில் ஒளிந்திருந்தார்கள். அங்கே மூவர் பெயரிலும் இன்று பெரிய சாலைகள் இருக்கின்றன. அதே ஊரின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு யேல் என்று பெயர். 1687 முதல் 1692 வரை சென்னையின் கவர்னராக இருந்த எலிஹு யேல் அனுப்பிய புத்தகங்களுக்கும் துணிமூட்டைகளுக்கும் நன்றியாக 1718-இல் வைத்த பெயர் அது.

ஆட்கொணர்வு மனு

கட்டாயக் கடன் தர மறுத்த, 'நைட்' பட்டம் பெற்ற ஐந்து பேரை 1627-இல் முதலாம் சார்லஸ் சிறையில் தள்ளினார். என்ன குற்றம் என்று நீதிமன்றம் கேட்டபோது, மன்னரின் சிறப்பு ஆணை என்பதே பதில். கொதித்த நாடாளுமன்றம் 1628-இல் 'உரிமை விண்ணப்பம்' கொண்டுவந்து, காரணம் சொல்லாமல் சிறையில் வைக்கக் கூடாது என்றது. மகன் காலத்தில், 1679-இல், ஆட்கொணர்வுச் சட்டம் நிறைவேறியது. காவலில் கொண்டுபோன பிள்ளையைத் தேடி ஒரு தாய் இன்று சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போட முடிகிறது என்றால், அந்தக் கதவைத் திறக்கப் பலர் சிறை சென்றிருக்கிறார்கள்.

1611-இன் தீர்ப்பு, 2019-இல்

சட்டம் அனுமதிக்கும் அதிகாரத்தைத் தாண்டி மன்னருக்குத் தனி அதிகாரம் கிடையாது என்று 1611-இல் நீதிபதி எட்வர்ட் கோக் உரைத்தார். முதலாம் ஜேம்ஸின் பிரகடனங்கள் பற்றிய வழக்கு அது. ஐந்து ஆண்டு கழித்து ஜேம்ஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். கருத்து மட்டும் நிலைத்தது. 2019-இல் பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி நாடாளுமன்றம் ஐந்து வாரம் முடக்கப்பட்டது. செப்டம்பர் 24 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் 11 நீதிபதிகளும் ஒருமித்து, அந்த முடக்கம் செல்லாது என்றார்கள். தீர்ப்பில் 1611-ஆம் ஆண்டு வழக்கை மேற்கோள் காட்டினார்கள். மறுநாளே சபை கூடியது. 1642-இல் இதே கேள்விக்கு விடை தேட லட்சக்கணக்கானோர் ஆயுதம் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு மனுவும் ஒரு தீர்ப்பும் போதுமானதாக இருந்தன. அந்தப் போராட்டத்தால் கிடைத்த உண்மையான லாபம் இதுதான்.